மடக்காத இலை

"நாலு தடவயா ரசம் வாங்குவ? எனக்கு மானமே போச்சு."

திருமயம் பேருந்தில், முன் இருக்கைக்காரர் மனைவியிடம் சொன்னார். மருத்துவ ஆராய்ச்சிக்கு நிதி திரட்ட, ஆராய்ச்சியாளர்களும் பொதுமக்களும் ஒரே பந்தியில் சாப்பிட்ட விருந்திலிருந்து திரும்புகிறார்களாம்.

"நான் எலைய மடக்கிட்டா பந்தியே எந்திரிச்சிரும்ங்க. பக்கத்துல இருந்த டாக்டரம்மாவும் போயிருவாங்க. நம்ம புள்ளைக்கு மருந்து எப்ப வரும்னு யாருகிட்ட கேக்குறது?"

"கேட்டியா?"

"பத்து வருசம் ஆகலாம்னாங்க."

பேருந்து ஏழு நிறுத்தங்களில் நின்றது; எண்ணிக்கொண்டே வந்தேன். எட்டாவதில் அவர் கேட்டார்:

"அதுவரைக்கும் அவன் நடப்பானா?"

"அதக் கேக்கத்தான் அஞ்சாவது தடவயும் ரசம் கேட்டேன். தீந்துபோச்சுன்னுட்டாங்க."