அண்ணியின் விசில்

— அங்கேயே நில்லுங்கம்மா. அம்புக் குறிப் பலகைக்குப் பின்னாடி போறதுக்கு முன்னாடி, கையில இருக்கிற குடையை முன்பக்கமா சாத்தி வைங்க.

— குடையையா? வானம் கறுத்திருக்கு பெரியவரே, கையிலேயே இருக்கட்டுமே.

— வில்லு வச்சிருந்தா வில்லைச் சாத்தச் சொல்லுவேன். உங்ககிட்ட குடைதானே இருக்கு. ம், அப்படித்தான். எய்யிற கோட்டுல நிக்கிறவங்க கண்ணுல படுற மாதிரி. கழுத்துல தொங்குற அட்டையையும் உள்ள விட்டுக்குங்க. நாணுக்குத் தொங்குறதுன்னா ரொம்பப் பிடிக்கும்.

— நான் வில்லு பிடிக்க வரல. பாதுகாப்புச் சோதனைக்கு வந்திருக்கேன். இந்த மைதானம் திறந்திருக்கலாமா, இழுத்து மூடணுமான்னு இன்னைக்கே எழுதிக் குடுக்கணும்.

— தெரியும்மா. புகார் போயிருக்குன்னு காதுல விழுந்துச்சு. பின்சுவருக்கு அந்தப் பக்கம் இருக்கிற தையல்காரர்தானே?

— யாருன்னு சொல்லக் கூடாது. நீங்க இங்க யாரு?

— அம்பு ரிப்பேர். இறகு ஒட்டுறது, வால் மாத்துறது, விரிசல் விட்டதை ஒடிச்சுப் போடுறது. பசைக்காரர்னு கூப்பிடுவாங்க. நடத்துறது எங்க அண்ணி. இருபத்தாறு வருஷமா கோட்டுல நின்னு விசில் ஊதினது அவங்கதான். ஒரு விசில்னா எய்யலாம். மூணு விசில்னா போய் அம்பு பிடுங்கலாம். விடாம ஊதினா, இழுத்த நாணை மெதுவா இறக்கிட்டுக் கல்லு மாதிரி நிக்கணும்.

— அவங்களைக் கூப்பிடுங்க. பேசணும்.

— மூணு வாரமா வர்றதில்லம்மா.

— ஏன்?

— பல்செட் கட்டினாங்க. கட்டின மறுநாள் வந்து ஒரு ஊது ஊதினாங்க பாருங்க, செட்டு விசிலைக் கவ்விக்கிட்டே பறந்து போய் அதோ நாலாம் நம்பர் பலகையில கடிச்சுக்கிச்சு. எட்டு புள்ளி.

— பெரியவரே!

— ஏழுன்னு சண்டை போட்டவங்களும் உண்டு. ஆனா ரெண்டு வளையத்துக்கு நடுவுல இருக்கிற கோட்டுல கடிச்சிருந்தா பெரிய எண்ணைத்தான் குடுக்கணும். அதான் விதி.

— இப்ப விசில் ஊத ஆளில்லன்னு குறிச்சுக்கிறேன். இந்தச் சுவர் ஏன் மேல்பாதி வேற நிறமா இருக்கு?

— கீழ இருக்கிறது பழைய சுவர். மேல இருக்கிறது சட்டைச் சுவர்.

— அப்படின்னா?

— கேளுங்க. எனக்கு அப்ப முப்பது வயசு. வில்லை வானத்துக்குத் தூக்கி நாணை இழுத்து, அப்புறம் மெதுவா இறக்கிக் குறி பார்ப்பேன். பார்க்கிறவங்களுக்கு ராஜா மாதிரி இருக்கும். ஒரு நாள் இறக்குறதுக்குள்ள விரல் வழுக்கிடுச்சு. அம்பு சுவரைத் தாண்டி தையல்காரர் கொடிக்குப் போயிடுச்சு. ஏழு சட்டை. ஏழுலயும் இடது கையில மட்டும் ஓட்டை. மனுஷன் அளவு நாடாவை வச்சு அளந்து பார்த்துட்டு, என் மெஷின்ல கூட இவ்வளவு நேரா வராதுன்னார்.

— சட்டைக்குள்ள ஆள் இருந்திருந்தா?

— அதையேதான் அண்ணியும் கேட்டாங்க. கேட்டுட்டு, ஏழு சட்டையையும் தன் கையால ஒட்டுப் போட்டுக் குடுத்து மன்னிப்புக் கேட்டாங்க. மறுநாள் செங்கல் வந்து இறங்கிச்சு. என்னை ஒரு வார்த்தை திட்டலம்மா. யாரு தப்பு பண்ணினாங்கன்னு கேக்குற பழக்கமே அவங்களுக்குக் கிடையாது. தப்பு எந்த வழியா உள்ள வந்துச்சுன்னு கேப்பாங்க. அந்த வழியை அடைச்சிட்டுத்தான் சாப்பிட உக்காருவாங்க.

— வாசல் போர்டுல பதினாலு விதி பார்த்தேன். முதல் விதி ‘ஓடாதே’. அது யாரு பண்ணின தப்பால வந்துச்சு?

— எங்க பல் டாக்டர். வாழ்க்கையில முதல் தடவையா நடுப்புள்ளியில அடிச்சிட்டார். சந்தோஷம் தாங்காம ஓடினார். புல்லு ஈரம். குத்தின அம்போட வால் நம்ம பக்கம்தானே நீட்டிக்கிட்டு இருக்கும்? சறுக்கிக்கிட்டே போனவர் சட்டைப் பொத்தான் ஓட்டையில வால் நுழைஞ்சு, ஆளைக் கோட் மாதிரி மாட்டி வச்சிருச்சு. கழட்டி எடுத்துட்டுப் பார்த்தா, ஒன்பது புள்ளியில தொங்கியிருக்கார்.

— கொஞ்சம் மேல குத்தியிருந்தா கண்ணு போயிருக்கும்.

— அண்ணி அதைச் சொன்ன பிறகுதான் எங்க சிரிப்பு நின்னுச்சு.

— ‘வெறும் நாணை விடாதே’?

— நான். அம்பு வைக்காம இழுத்து விட்டா என்னதான் ஆகுதுன்னு பார்த்தேன். வில்லு மூணா தெறிச்சுது. ரெண்டு துண்டு கிடைச்சுது. மூணாவது, பதினோரு வருஷம் கழிச்சுக் கூரை மாத்தும்போது இறங்கி வந்துச்சு. போர்டுக்குக் கீழ ஆணியில தொங்குதே, அதுதான்.

— ‘பிடுங்கும்போது பின்னாடி பார்’?

— அதுவும் நான்தான். பின்னாடி நின்னது எங்க அண்ணன். முன்பல்லு ரெண்டு. இன்னைக்கும் அவர் சிரிச்சா விசில் வரும். ஒரு தடவை கோட்டுல நின்னு ஜோக் கேட்டுச் சிரிச்சிட்டார், ஆறு பேர் எய்ய ஆரம்பிச்சிட்டாங்க.

— ‘ஒவ்வொரு அம்பையும் வளைத்துக் கேள்’ன்னு ஒண்ணு இருக்கே. கேக்கிறதா?

— அது அண்ணியோட சொந்தக் கண்டுபிடிப்பு. அம்பைக் காதோரம் வச்சு லேசா வளைப்பாங்க. நல்ல அம்பு பேசாது. விரிசல் விட்ட அம்பு கிர்ர்னு முனகும். அதை எய்தா கையிலேயே சிதறிடும். நான் கண்ணாடி போட்டுக்கிட்டு அரை மணி நேரம் தேடி ஒண்ணும் இல்லன்னு சொன்ன அம்பை, வலது காதுல வச்ச உடனே ஒடிச்சுப் போடுவாங்க. உள்ள பார்த்தா முடி கனத்துல ஒரு கோடு ஓடியிருக்கும். எனக்குக் கண்ணுல தண்ணி வந்துடும்மா.

— பதினாலுல எத்தனை உங்களால வந்தது?

— பதினொண்ணு.

— இன்னுமா உங்களை உள்ள விட்டு வச்சிருக்காங்க?

— நானே கேட்டேன். ‘கொழுந்தனாரே, நீங்க இல்லாட்டி பதினொரு வழி திறந்தே கிடந்திருக்கும்’னாங்க. இதைப் பாராட்டுன்னு எடுத்துக்கிறதா வேண்டாமான்னு இன்னும் யோசிச்சுக்கிட்டிருக்கேன்.

— இந்தக் குடையைச் சாத்தினது எத்தனாவது விதி?

— பதினாலு. கடைசி. தவறிப் போன அம்பைத் தேடிப் பலகைக்குப் பின்னாடி போறவங்க, வில்லை முன்னாடி சாத்திட்டுப் போகணும். அது சாத்தியிருக்கிற வரைக்கும் கோட்டுல ஒருத்தரும் அம்பை நாண்ல வைக்கக் கூடாது. போனது எத்தனை பேரு, திரும்பினது எத்தனை பேருன்னு எண்ணிப் பார்த்து எய்யக் கூடாது. சாத்தினவங்களே வந்து எடுக்கணும்.

— இருங்க. இப்ப கோட்டுல ஆள் இருக்காங்களா?

— பதினெட்டு பேரு. ஞாயித்துக்கிழமை போட்டி இருக்கில்ல.

— பதினெட்டு வில்லுக்கு நேரா, இந்த வைக்கோல் பலகைக்குப் பின்னாடி நின்னுதான் இவ்வளவு நேரமா எனக்குக் கதை சொல்லிக்கிட்டிருக்கீங்களா?

— பத்து நிமிஷம் இருக்கும். ஒரு அம்பு வந்துச்சா?

— எப்படி வரும்? நான் அதிகாரின்னு எல்லாருக்கும் தெரியும். சோதனைக்காரி முன்னாடி எல்லாரும் ஒழுங்குதான். சரி, பதினாலாவது விதி எப்படி வந்துச்சு? அதைச் சொல்லுங்க.

— அண்ணி அம்பு தேடப் பின்னாடி போயிருந்தாங்க. நான் எய்தேன். அம்பு நேரா போய் அவங்க கொண்டையில நின்னுச்சு. கொண்டை ஊசி மாதிரி. வெளிய வந்து, ‘எடை சரியா இருக்கு, இதையே வச்சுக்கிறேன்’னு...

— பெரியவரே, இது விபத்துப் பதிவு. கொண்டையில நின்னுச்சுன்னே எழுதட்டுமா?

— எழுத வேண்டாம்.

— அப்ப என்ன எழுத?

— காது. இடது காது. மேல்பாதி கிடையாது அவங்களுக்கு. முடியை இறக்கிச் சீவி மறைச்சுக்குவாங்க.

— ம். சொல்லுங்க.

— அவங்களும் அவங்க தங்கச்சியும் பின்னாடி போயிருந்தாங்க. ரெண்டு பேருக்கும் ஒரே நீலத் தொப்பி. தொப்பி ஒண்ணு வெளிய வந்துச்சு. உள்ள போச்சு. மறுபடி ஒண்ணு வந்துச்சு. ரெண்டுன்னு எண்ணி எய்துட்டேன். வந்தது ரெண்டு தடவையும் தங்கச்சி. அண்ணி பலகை ஓரமா தலையை நீட்டினாங்க. ரத்தத்தோட நடந்து வந்தாங்கம்மா. ஓடல. நடந்து வந்தாங்க. ‘கண்ணு எண்ணினா தப்பும் கொழுந்தனாரே. இனிமே எண்ண வேண்டாம்’னாங்க. அப்புறம்தான் மயங்கி விழுந்தாங்க. அன்னையிலிருந்து நான் வில்லைத் தொடல. பசை டப்பாதான்.

— தூறல் விழுது. பலமா வரும் போலிருக்கு. ஆபீசுக்குப் போய் எழுதிக்கிறேன்.

— ஓடாதீங்கம்மா! நடங்க! முதல் விதி!

— ஃபைல் நனையுது பெரியவரே!

— ஃபைல் காஞ்சிடும்! பல் டாக்டரை நினைச்சுக்குங்க! கயித்துக்கு இந்தப் பக்கமா வாங்க, இந்தப் பக்கமா... ம். இதுதான் எங்க ஆபீஸ், உள்ள வந்து உக்காருங்க. இந்தாங்க துண்டு. மூச்சு வாங்குது பாருங்க. ஜன்னலை மூடட்டுமா?

— திறந்தே இருக்கட்டும். பெரியவரே, சுத்தி வளைக்காம சொல்லிடறேன். மூடணும்னுதான் எழுதப் போறேன்.

— தையல்காரர் பேச்சைக் கேட்டா? அந்த ஏழு சட்டையை அந்த ஆள் சாகிற வரைக்கும் மறக்க மாட்டாரா?

— தையல்காரர் எதுவும் எழுதல. காட்டக் கூடாது, ஆனா அந்த மனுஷர் மேல இன்னும் பழி போடாதீங்க. இந்தக் கடிதத்தைப் பாருங்க.

— பச்சை மை. போர்டு எழுதின அதே கையெழுத்து. இது... இது எங்க அண்ணி எழுத்தாச்சே!

— படிங்க.

— கண்ணாடி கொண்டு வரலம்மா. நீங்களே படிங்க.

— ‘எனக்கு மூச்சு குறைந்துவிட்டது. சென்ற மாதம் நான் ஊதிய விசில், கோட்டில் நின்றவர்களில் பாதிப் பேருக்குக் கேட்கவில்லை. இத்தனை வருடமும் இவர்கள் நின்றது விதிக்காகவா, என் விசிலுக்காகவா என்று எனக்குத் தெரியவில்லை. தெரியாமல் திறந்து வைத்திருப்பது தவறு. நேரில் வந்து பாருங்கள். என் கொழுந்தனார் நிறையச் சொல்வார். அவர் நல்லவர்; ஆனால் அவர் சொல்வதைக் கணக்கில் எடுக்க வேண்டாம்.’

— பல்செட்டுக் கதை அவங்க காதுக்கும் போயிருக்கும் போல.

— பல்செட் கட்டவே இல்லையா?

— அவங்க பல்லு முப்பத்திரண்டும் கல்லு மாதிரி இருக்கும்மா. மூச்சுன்னு சொல்ல எனக்கு வாய் வரல.

— தன் மைதானத்து மேல தானே புகார் எழுதின ஆளை நான் இப்பத்தான் பார்க்கிறேன்.

— நான் இருபத்தாறு வருஷமா பார்த்துக்கிட்டிருக்கேன். எனக்கே இன்னைக்கு வரைக்கும் முழுசா தெரியல பாருங்க.

— அதனாலதான் சொல்றேன். இந்த இடத்தை அவங்களை விட யாருக்கும் தெரியாது. அவங்களுக்கே சந்தேகம்னா, நான் எதை நம்பிக் கையெழுத்துப் போடுவேன்?

— அந்தப் பதினெட்டு பேரை நம்பிப் போடுங்கம்மா. அதுல ஒரு நர்ஸ் இருக்கு, ராத்திரி டியூட்டி முடிச்சுட்டு நேரா வரும். பஸ் டிரைவர் ஒருத்தர், மத்த நேரமெல்லாம் ஹாரன் அடிக்கிற கை இங்கதான் நடுங்காம நிக்குதுன்னு சொல்லுவார். மூடிட்டா இவங்க எங்க போவாங்க? அண்ணிதான் வீட்டுல உக்காந்து என்ன ஆவாங்க?

— புரியுது. ஆனா யாரும் ஊதாம, யாரும் பார்க்காம, இவங்களா நிப்பாங்களா? அதுக்கு ஒரு சாட்சி வேணும். உங்க வாய்ச்சாட்சி செல்லாதுன்னு உங்க அண்ணியே எழுதிட்டாங்க.

— எழுதுங்க, உங்க கடமை. பேனா அதோ, பசை டப்பாவுக்குப் பக்கத்துல.

— ‘விசில் ஊத ஆளில்லாத காரணத்தால்...’ பெரியவரே, இவங்க ஏன் மழையில நனைஞ்சுக்கிட்டு நிக்கிறாங்க?

— போட்டி மழையிலயும் நடக்கும்மா. அதனால மழையிலயும் பழகுவாங்க.

— பழகலையே. வில்லைக் கால்மேல ஊனிக்கிட்டு சும்மா நிக்கிறாங்க. ஒருத்தர் கையிலயும் அம்பு இல்ல. நாம உள்ள வந்து கால் மணி நேரம் ஆகியிருக்குமே. யாராவது நிறுத்தி வச்சிருக்காங்களா?

— நிறுத்துறதுக்கு விசிலே இல்லையேம்மா.

— நாம ரெண்டு பேரும் வெளிய வந்ததைப் பார்த்தாங்கதானே?

— நல்லாவே பார்த்தாங்க. நீங்க ஓடினதுக்கு நர்ஸ் தலையில அடிச்சுக்கிச்சே.

— பலகைக்குப் பின்னாடி இப்ப ஒரு ஈ காக்கா கிடையாது. அப்புறம் யாருக்காக இந்த மழையில காத்துக்கிட்டு நிக்கிறாங்க?

— உங்களுக்காகத்தாம்மா. உங்க குடை இன்னும் அங்கேயே சாத்தியிருக்கு.