நீல மூடி டப்பா

இட்லிப் பொடிக்குக் கறுப்பு உளுந்துதான் போட வேண்டும். வெள்ளை உளுந்து பார்க்க அழகாக இருக்கும், மணம் வராது. எள்ளை வெறும் சட்டியில் வெடிக்கவிட்டு எடுத்துவிடலாம். மிளகாயை மட்டும் ஒரு சொட்டு எண்ணெய் விட்டு வறுப்பேன், இல்லாவிட்டால் வீட்டில் எல்லோரும் இருமி, புகை அலாரமும் கத்த ஆரம்பித்துவிடும். டெக்சாஸில் இந்த இர்விங்கில் இருக்கிற தமிழ்க் குடும்பங்களில் பாதிப் பேர் என் பொடியைச் சாப்பிட்டிருக்கிறார்கள். செய்முறை கேட்டால் ஒளிக்காமல் சொல்லிவிடுவேன். சில பெண்கள் ஏதாவது ஒரு சாமானை வேண்டுமென்றே விட்டுவிட்டுச் சொல்வார்கள். நான் அந்த ரகம் இல்லை. அதனால் இதையும் எதையும் விடாமல் சொல்லிவிடுகிறேன்.

என் பெயர் பூங்கோதை. சொந்த ஊர் கோபிச்செட்டிபாளையம். கோவையில் பி.ஃபார்ம் படித்தேன், கல்யாணத்துக்கு முன் ஈரோட்டில் ஒரு மருத்துவமனையின் மருந்தகத்தில் வேலை பார்த்தேன். கணவர் வேலுமணிக்குப் பக்கத்திலேயே லாஸ் கொலினாஸில் கம்ப்யூட்டர் வேலை. ஒரே மகள் ரக்ஷா. அவளுக்கு மூன்று வயதாக இருக்கும்போது இங்கே வந்தோம். அவருக்கு எச்-1 விசா, எங்கள் இருவருக்கும் எச்-4. அதாவது அவர் வேலை பார்க்கலாம், நாங்கள் அவரோடு இருக்கலாம். சம்பளம் என்று நாங்கள் ஒரு டாலர்கூட வாங்கக் கூடாது.

பின்னாளில் என்னைப் போன்றவர்களுக்கு வேலை அனுமதி கொடுத்தார்கள். அதற்குள் நான் படித்ததெல்லாம் பழசாகிவிட்டது. இங்கே மருந்தாளுநர் ஆக வேண்டுமென்றால் முதலிலிருந்து பரீட்சை எழுத வேண்டும். ரக்ஷாவை டென்னிஸ் கோர்ட்டுக்கு யார் ஓட்டிக்கொண்டு போவது என்ற கேள்வியும் இருந்தது. நான்தான் போனேன்.

கிரீன் கார்டுக்குப் பதிந்துவிட்டுப் பல வருடம் காத்திருந்தோம். ஒவ்வொரு மாதமும் அரசாங்கம் ஒரு தேதி வெளியிடும், அதற்கு முன் பதிந்தவர்களுக்குத்தான் கார்டு. வேலுமணி அதைப் பார்த்துவிட்டு, "நகரலீங்க அம்மிணி" என்பார். வேலையை மாற்ற முடியாது, ஊருக்குப் போனால் திரும்பி வர விசா முத்திரை கிடைக்குமா என்று தெரியாது. என் அப்பா இறந்தபோது வீடியோவில் பார்த்தேன். நடுவில் போன் சார்ஜ் தீர்ந்துவிட்டது. இரக்கம் தேடுவதற்காக இதைச் சொல்லவில்லை, எங்கள் வீட்டில் எப்படி மூச்சு விடுவோம் என்று தெரியட்டும் என்றுதான். போலீஸ் கார் பின்னால் வந்தாலே வேலுமணி வண்டியை ஓரம்கட்டிவிடுவார். ரத்த அழுத்தம் அவருக்கு அப்படி வந்ததுதான். தினமும் காலையில் மாத்திரையை அவர் உள்ளங்கையில் வைப்பேன். என்ன ஏது என்று பார்க்காமல் விழுங்கிவிட்டு ஆபீஸ் போவார்.

ரக்ஷா நன்றாக ஆடினாள். இதை அம்மாவாகச் சொல்லவில்லை. மூன்று மணி நேரம் காரில் போனால் வருகிற ஒரு கல்லூரி அவளை டென்னிஸுக்காகவே சேர்த்துக்கொண்டது. ஒவ்வொரு முறை வீட்டுக்கு வந்துவிட்டுத் திரும்பும்போதும் ஒரு டப்பா பொடி கொண்டுபோவாள். ரொட்டியில் தடவுவாள், முட்டையில் தூவுவாள், பாஸ்தாவிலும் போட்டுக்கொள்வாள். அவளோடு அறையில் தங்கியிருந்த அனன்யாவும் அதே அணி. நியூ ஜெர்சியில் பார்சிப்பனியில் பிறந்து வளர்ந்த பெண், நல்ல மரியாதை. அவளுக்கும் ஒரு டப்பா கொடுத்தனுப்புவேன். அனன்யாவுடையது சிவப்பு மூடி, காரம் குறைவு. ரக்ஷாவுடையது நீல மூடி.

இப்போது கல்லூரியில் ஆடுகிற பிள்ளைகள் விளம்பரத்தில் நடித்துச் சம்பாதிக்கலாம். முன்பு கூடாது என்றிருந்தது, பிறகு சட்டத்தை மாற்றிவிட்டார்கள். அனன்யா ஒரு ஷாம்புவுக்கும் ஏதோ குளிர்பானத்துக்கும் வீடியோ எடுத்துப் போட்டுச் சின்னதாகக் கார்கூட வாங்கிவிட்டாள். ரக்ஷா இரண்டு வருடம் அதை வேடிக்கை பார்த்தாள்.

பிறகு ஜம்புநாதன் அண்ணன் வந்தார். பல் டாக்டர், டாலஸைச் சுற்றி நிறைய கிளினிக் வைத்திருக்கிறார். தமிழ்ச் சங்கப் பொங்கல் விழாவில் என்னைத் தேடி வந்து சொன்னார். "தங்கச்சி, நம்ம பாப்பாவ ஃப்ரீவேல நம்ம கிளினிக் விளம்பர போர்டுல போட்டுரலாம். கையில ராக்கெட், மூஞ்சில சிரிப்பு. வேற ஒண்ணும் வேண்டாம்."

அன்றைக்கு வீட்டில் பெரிய பேச்சு.

"எச்-4ல அது முடியாது கண்ணு," என்றார் வேலுமணி.

"இட்ஸ் நாட் எ ஜாப், ப்பா. இட்ஸ் ஜஸ்ட் மை ஃபேஸ்."

"மூஞ்சிக்கும் ஸ்டேட்டஸ் இருக்குது."

"அனன்யாவோட பேக்ஹேண்ட் டெரிபிள். ஷீ ஹேஸ் எ கார். ஐ ஹேவ் எ பஸ் பாஸ்."

இந்தியாவுக்குப் போய்ப் படம் எடுத்துக்கொண்டு வந்தால் சட்டப்படி பிரச்சினை இல்லை என்று ஜம்புநாதன் அண்ணனின் ஆள் சொன்னாராம். எங்கள் வக்கீலிடம் கேட்டோம். பிரச்சினை வரும் என்றும் சொல்லவில்லை, வராது என்றும் சொல்லவில்லை. ரக்ஷாவுக்கு இருபத்தொரு வயது ஆவதற்குள் கார்டு வர வேண்டும், இல்லாவிட்டால் எங்கள் விண்ணப்பத்திலிருந்து அவள் பெயர் விழுந்துவிடும். அந்தச் சமயத்தில் அவள் சட்டவிரோதமாகச் சம்பாதித்தாள் என்று ஒரு கறை விழுந்தால், எங்களுக்குக் கார்டு வந்து அவளுக்கு மட்டும் வராமல் போகலாம். மூன்று வயதில் விட்டு வந்த ஊருக்கு அவள் தனியாகத் திரும்ப வேண்டியிருக்கும்.

எல்லாவற்றையும் எடுத்துச் சொன்னேன். தனக்கு வயது வந்துவிட்டது, சீசன் ஆரம்பித்ததும் தானே கையெழுத்துப் போடப் போகிறேன் என்றாள். அந்தப் பணத்தில் அபார்ட்மென்ட் எடுத்துக்கொள்வேன், இனி கோடை விடுமுறைக்கு வீட்டுக்கு வர மாட்டேன் என்றும் சொன்னாள். அது பெரிய விஷயமில்லை, பேச்சோடு பேச்சாகச் சொன்னது.

கல்லூரியில் முதல் வருடம் பெற்றோர் கூட்டத்தில் ஒரு பெண்மணி எங்களுக்கு வகுப்பு எடுத்திருந்தார். எந்தெந்த மருந்து சிறுநீர்ச் சோதனையில் தெரிந்தால் ஒரு வருடம் ஆட விடமாட்டார்கள் என்று திரையில் காட்டினார். ஸ்டீராய்டு, போதை மருந்து என்று வரிசையாக வந்தது. அவற்றுக்கு நடுவே, எங்கள் அடுப்படியில் உப்பு ஜாடிக்குப் பக்கத்தில் இருக்கிற மாத்திரையும் இருந்தது. உடம்பிலிருந்து நீரை வெளியேற்றுகிற வகை. மற்ற மருந்துகளை மறைக்க உதவும் என்பதால் தடையாம். சுற்றியிருந்த பெற்றோர் போன் பார்த்துக்கொண்டிருந்தார்கள். நான் மட்டும்தான் தலையாட்டினேன். ஒரு பாடம் எனக்குப் புரிந்து வெகுநாள் ஆகியிருந்தது.

தடை வந்தால் விளம்பரப் பேச்சு தானாகவே நின்றுவிடும். கையெழுத்தே விழாது என்றால் விசாவுக்கும் ஆபத்தில்லை. ஒரு வருடம் ஆடாமல் இருப்பாள், அவ்வளவுதான். ஒரு வருடத்தையும் ஒரு வாழ்க்கையையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். நீங்களாக இருந்தாலும் இதைத்தான் செய்திருப்பீர்கள்.

அந்த ஆகஸ்டில் நீல மூடி டப்பாவை நிரப்பும்போது வேலுமணியின் மாத்திரைகளையும் சேர்த்து அரைத்தேன். அவருக்குச் சில நாள் மாத்திரை இல்லாமல் போனது. அந்த நாட்களில் வைட்டமினை உள்ளங்கையில் வைத்தேன், விழுங்கிவிட்டுப் போனார்.

ஒன்றை மட்டும் நான் சரியாக யோசிக்கவில்லை. டெக்சாஸ் வெயிலில் மணிக்கணக்கில் ஓடுகிறவள் உடம்பில் நீர் நிற்க வேண்டும். செப்டம்பரில் ஒரு நாள் பயிற்சி நடுவில் ரக்ஷா விழுந்துவிட்டாள். இரண்டு காலும் இழுத்துக்கொண்டதாம். ஆஸ்பத்திரியில் சேர்த்து நரம்பு வழியாக நீர் ஏற்றினார்கள். நானும் வேலுமணியும் போய்ச் சேரும்போது உதடெல்லாம் வெடித்துக் கிடந்தாள். "ஐ டிட் எவரிதிங் ரைட், ம்மா," என்றாள். தலையைத் தடவிக்கொடுத்தேன்.

ஆனால் சோதனை இன்னும் நடக்கவில்லை. பாதியில் நிறுத்தினால் அவள் பட்ட கஷ்டமும் வீண். அடுத்த டப்பாவில் அளவைக் குறைத்தேன்.

அக்டோபரில் சோதனைக்குக் கூப்பிட்டார்கள். முடிவு வந்ததும் ஒரு வருடத் தடை. ஜம்புநாதன் அண்ணன் எனக்குப் போன் செய்து, ரொம்பச் சங்கடமாக, "பாப்பா நல்ல பொண்ணுதான் தங்கச்சி. ஆனா போர்டுல போட முடியாது பாருங்க," என்றார். எனக்குப் புரிகிறது என்றேன்.

ரக்ஷா தான் சாப்பிட்ட, குடித்த எல்லாவற்றையும் நினைத்து நினைத்துப் பார்த்தாள். பயிற்சிக்கு முன்னால் அனன்யா தன் டின்னிலிருந்து ஒரு பவுடரைக் கலக்கி இவளுக்கும் கொடுப்பாளாம். அந்தப் பவுடரில் ஒன்றும் கிடைக்கவில்லை. ஆனால் அனன்யாவின் சோதனை சுத்தமாக வந்திருந்தது, இரண்டு பேரும் அணியில் ஒரே இடத்துக்குப் போட்டி போட்டவர்கள். யாரும் வாய்விட்டுக் குற்றம் சொல்லவில்லை. பயிற்சியாளர் அனன்யாவை ஆட்டத்தில் இறக்குவதை நிறுத்தினார், மற்ற பெண்கள் அவள் கொடுத்த தண்ணீரைக் குடிப்பதை நிறுத்தினார்கள்.

அனன்யா என்னைக் கூப்பிட்டாள்.

"ஆன்ட்டி, ஐ ஸ்வேர், நான் எதுவும் மிக்ஸ் பண்ணலை. ரக்ஷா என் போனே எடுக்க மாட்டேங்கறா. நீங்க சொன்னா கேப்பா ஆன்ட்டி."

"அழுவாத கண்ணு. சாப்டியா?"

"நீங்க அவகிட்ட சொல்லுங்க ஆன்ட்டி, ப்ளீஸ். ஷீ இஸ் மை பெஸ்ட் ஃப்ரெண்ட்."

சொல்கிறேன் என்றேன். சொல்லவில்லை. சொல்லியிருந்தால் அடுத்து யார் என்று ரக்ஷா யோசிக்க ஆரம்பித்திருப்பாள். அனன்யா அந்தக் கல்லூரியை விட்டு நியூ ஜெர்சிக்கே திரும்பிவிட்டாள் என்று பிறகு கேள்விப்பட்டேன். போவதற்கு முன் சிவப்பு மூடி டப்பாவைக் கழுவித் துடைத்து ரக்ஷாவின் மேஜையில் வைத்திருந்தாளாம். அவளுக்கு அப்பா அம்மா இருக்கிறார்கள், கார் இருக்கிறது, அமெரிக்க பாஸ்போர்ட்டும் இருக்கிறது. சமாளித்துக்கொள்வாள்.

ரக்ஷா வீட்டுக்கு வந்தாள். வகுப்புகளை ஆன்லைனில் எடுத்துக்கொண்டாள். பல நாள் ஜன்னல் திரையைத் திறக்கவில்லை. ராக்கெட் பையைக் கராஜில் கொண்டுபோய் வைத்தாள். இணையத்தில் முகம் தெரியாதவர்கள் அவளை ஏமாற்றுக்காரி என்று எழுதியதை உட்கார்ந்து படிப்பாள், போனைப் பிடுங்கி வைப்பேன். ஞாயிற்றுக்கிழமைகளில் தலையில் எண்ணெய் வைத்துவிட்டேன், குழந்தையாக இருந்தபோது செய்ததுபோல. மறுக்கவில்லை. வேறு யார் கையால் கொடுத்தாலும் சாப்பிட மாட்டாள், ஹோட்டலுக்கு வர மாட்டாள். நான் சமைத்ததை மட்டும் சாப்பிட்டாள். அந்த மாதங்களில் நான் சந்தோஷமாக இருந்தேன். பகலில் அந்த வீட்டில் இன்னொருவர் நடக்கிற சத்தம் கேட்டு எனக்கு எத்தனையோ காலமாகியிருந்தது.

வசந்தத்தில் தேதி நகர்ந்தது. அதற்கப்புறம் எல்லாம் விறுவிறுவென்று நடந்து, கோடையில் மூன்று கார்டும் ஒரே தபாலில் வந்தன. வேலுமணி தன் கார்டை நெஞ்சில் வைத்துக்கொண்டு சோபாவில் உட்கார்ந்து தேம்பித் தேம்பி அழுதார். நான் கேசரி கிண்டினேன். ரக்ஷாவின் கார்டில் ஒரு கறை இல்லை. நான் செய்தது சரிதான் என்பதற்கு இதைவிட என்ன அத்தாட்சி வேண்டும்?

இப்போது அவள் எங்கே வேண்டுமானாலும் கையெழுத்துப் போடலாம். தடையும் முடிகிறது. கலிபோர்னியாவில் ஒரு கல்லூரி அவளைக் கேட்டிருக்கிறது. அங்கே பிளசன்டனில் இருக்கிற ஒரு விளையாட்டு உடுப்புக் கம்பெனி, தடைபட்டுத் திரும்பி வருகிற பெண் என்பதையே விளம்பரமாகச் செய்யலாம் என்கிறதாம். திரும்பி வந்ததும் முதல் சோதனை சுத்தமாக இருந்தால் ஒப்பந்தம். ரக்ஷா கராஜிலிருந்து ராக்கெட் பையை எடுத்துத் துடைத்தாள். அவள் சிரித்து வெகு நாளாயிற்று, அதையும் பார்த்தேன்.

"கிறிஸ்துமஸுக்கு வருவியா கண்ணு?"

"லெட்ஸ் ஸீ, ம்மா. சீசனைப் பொறுத்து."

அப்புறம் அவளாகவே அடுப்படிக்கு வந்து என் தோளில் முகத்தை வைத்துக்கொண்டாள். "அங்க யாரையும் நம்ப மாட்டேன்மா. ஐ வோன்ட் ஈட் எனிதிங் ஃப்ரம் எனிஒன். உன் பொடி மட்டும் பெரிய டப்பால போட்டுக் குடு."

விசா பயம் இப்போது இல்லை என்று நீங்கள் சொல்வீர்கள். எனக்கும் தெரியும். ஆனால் கலிபோர்னியா எவ்வளவு தூரம், தனியாகப் போகிற பெண்ணுக்கு என்னென்ன வரும் என்று தாய்தானே யோசிக்க வேண்டும்.

ஞாயிற்றுக்கிழமை அவளுக்கு ஃப்ளைட். இன்று காலை உளுந்தை வறுத்து ஆறவைத்தேன். வேலுமணியின் உள்ளங்கையில் வைட்டமினை வைத்தேன், விழுங்கிவிட்டுப் போனார். நீல மூடி டப்பாவைக் கழுவி வெயிலில் காயவைத்திருக்கிறேன். போன தடவை லேசாகக் கசந்தது என்று ரக்ஷா ஒரு முறை சொன்ன ஞாபகம், அதனால் இந்தத் தடவை பெருங்காயம் கொஞ்சம் கூடப் போட்டிருக்கிறேன்.