காணும் பொங்கல் கரடி

— அந்தக் கரடி வேஷத் தலையை இப்படிக் குடுங்க செல்விக்கா. நாளையிலேர்ந்து நீங்க டிக்கெட் கவுண்டரு. ஏசி, சேரு. வேற என்ன வேணும்?

— தரமாட்டேன் பிரபு. காணும் பொங்கல் முடியட்டும், நானே கழட்டித் தர்றேன்.

— லாஜிக்கா பாருங்கக்கா. போன வாரம் ஒட்டகத்தாண்ட மயங்கி விழுந்தீங்க. கரடி செத்துப்போச்சுன்னு பசங்க ஒரே அழுகை.

— உப்பளத்து வெயில்ல நின்னவப்பா நான். இந்தப் பஞ்சு மூட்டை என்னை என்ன பண்ணும்? நீயெல்லாம் சூப்பர்வைசரா பின்னாடி வந்தவன். நான் வந்தப்போ இந்தப் பார்க்குல ராட்சஸ ராட்டினம் ஏது, அலையடிக்கிற குளம் ஏது? ரெண்டு ஈமு, ஒரு கிழ ஒட்டகம், கையால சுத்துற குடை ராட்டினம். மரக்காணத்து ஜனம் டெம்போல சோறு கட்டிக்கினு வரும். ஒட்டகம் புளிசோத்தைப் பிடுங்கித் தின்னும். பறிகொடுத்தவங்களே சிரிப்பாங்க.

— ஃப்ளாஷ்பேக் போதும்க்கா. அதுக்குள்ள வேகுறதுக்கா இவ்ளோ சண்டை?

— என் பொண்ணு வருவா.

— உங்களுக்கு ஏதுக்கா பொண்ணு?

— இருக்கா. நிவேதா. வானூர்ல, அவங்கப்பன் வீட்டோட. மூணு வயசுல பறிச்சிக்கினாங்க. அம்மா செத்துட்டான்னு சொல்லி வெச்சிருக்காங்க. காணும் பொங்கலுக்கு இங்கதான் கூட்டினு வருவாங்க. ஓடி வந்து கரடியைக் கட்டிக்குவா. நான் முதுகுல தட்டிக் குடுப்பேன். மொதல்ல என் முட்டி உசரம். அப்புறம் இடுப்பு. வருஷத்துக்கு அந்த ஒரு நிமிஷம்தான் எனக்கு.

— உள்ள இருந்தே சொல்லிட வேண்டியதுதானே?

— கரடி பேசுமா? பேசினா அடுத்த வருஷம் கூட்டினு வரமாட்டாங்க. அவளுக்குத் தெரியாமலே இருக்கட்டும். போன பொங்கலுக்கு டெங்குல படுத்துட்டேன், பாக்கவே இல்ல. இந்தத் தடவை கவுண்டர்ல உக்காந்தா, அவங்கப்பன் என் மூஞ்சியைப் பாத்துட்டு வாசலோட திருப்பிக் கூட்டினு போயிடுவான்.

— அக்கா... போன பொங்கலுக்குக் கரடி போட்டது நான்.

— வேற ஆளு ஏது, நீதான் போட்டிருப்ப.

— நெத்தியில தழும்பு இருக்குமா அந்தப் பொண்ணுக்கு?

— வாசப்படியில விழுந்த தழும்பு. வந்தாளா? வளந்துட்டாளா?

— வந்துச்சுக்கா. கட்டிப்புடிச்சிக்கினு விடவே இல்ல. யாருக்கும் கேக்காம மெதுவா ஒண்ணு கேட்டுச்சு. எனக்கு ஒண்ணும் புரியல, விட்டுட்டேன்.

— என்ன கேட்டா?

— "ஏம்மா, இன்னிக்கு முதுகுல தட்டிக் குடுக்க மாட்டியா?"ன்னு.