தொட்டிலில் நிரப்பிய குங்குமம்

கொஞ்சம் நெருங்கி இருங்கள். ஃபோன்களைக் கவிழ்த்து வையுங்கள். இது நம் ஆரூரனின் மைத்துனர் விக்னராஜாவுக்கு நடந்தது. ஆரூரன் எதற்கெடுத்தாலும் சிரிக்கிறவன். இதைச் சொல்லும்போது சிரிக்கவில்லை.

குளிர்காலம்... மாலை ஐந்தரைக்கே கும்மிருட்டு. ட்ருகனினா புறநகரில் கிடங்குகள் முடிந்து வீடுகள் தொடங்குமுன் ஒரு வெறும் ரோடு. விக்னராஜா தனியாக வான் ஓட்டி வருகிறார். பின்னால் ஒரு பழைய மரத் தொட்டில். யாரோ வீட்டைக் காலிசெய்தபோது வாசலில் வைத்துவிட்டுப் போனது. சும்மா கிடைத்தால் நம்மவர்கள் விடுவோமா?

தலைப்பலகையில் செதுக்கிய எழுத்துகள். எல்லாம் நேர்கோடுகள்... வளைவே இல்லை. இணையத்தில் தேடினார். ரூன் எழுத்தாம், வைக்கிங்குகளுடையது. இரு கைகளையும் தூக்கி நிற்பதுபோல் ஒரு வடிவம். பொருள் ‘காவல்’ என்று போட்டிருந்தது. மனிதருக்குப் பெரிய சந்தோசம்.

பிள்ளை பிறந்து முப்பத்தோராம் நாள், தீட்டுப் போக்கும் துடக்குக் கழிவு. மனைவி சந்திரகலா தொட்டிலுக்குச் சந்தனமும் குங்குமமும் வைத்தாள். பொட்டோடு விட்டிருக்கலாம். எழுத்து பார்க்க வடிவாக இருக்கிறதே என்று, ஒவ்வொரு கோட்டுக்குள்ளும் விரலால் குங்குமத்தை நிரப்பினாள்.

பிள்ளையைக் கிடத்தினார்கள். கிர்ர்... மரத்தை நகம் சுரண்டும் சத்தம். நின்றது. மறுபடி... கிர்ர்... அறை முழுக்க ஈர மண் மணம். பிள்ளை வீரிட்டு அழுதது. சட்டென்று நிறுத்தியது.

விக்னராஜாவின் தங்கை வினுஷா ஓடி வந்தாள். பல்கலைக்கழகத்தில் இந்த எழுத்துகளைப் படிக்கிறவள்.

“அண்ணா, ஆர் சிவப்புப் பூசினது?”

“அண்ணிதான். காவல் எழுத்துத்தானே?”

“நீங்கள் பார்த்தது பழைய ரூன். இது பிந்தினது. இதில அந்த வடிவம் காவல் இல்லை... மனிசன். செதுக்கிச் சிவப்புப் பூசினாத்தான் எழுத்து எழும்புமாம்.”

“எந்த மனிசன்?”

அவள் பிள்ளையைத் தூக்கச் சொல்லித் தொட்டிலைக் காட்டினாள். விக்னராஜா பிள்ளையை அள்ளிக்கொண்டார். குங்குமத்தை ஈரத் துணியால் தேய்த்துத் துடைத்தார். தொட்டிலை வான் நிறுத்தும் கராஜுக்குள் தள்ளிப் பூட்டினார்.

இப்போது பிள்ளைக்கு எட்டு மாதம். அன்றிலிருந்து அது அழுததே இல்லை. ஊசி போட்டபோதுகூட. டொக்டர் ஒரு குறையுமில்லை என்கிறார்.

அழுகை கராஜுக்குள் கேட்கிறது... அதே பிள்ளையின் குரல். திறந்தால் வெறும் தொட்டில்.

சந்திரகலா பெற்றவள். கேட்டுக்கொண்டு எப்படி இருப்பாள்? பொழுதுபட்டதும் ஒரு போத்தில் பாலை அந்தத் தொட்டிலில் வைத்துவிட்டு வருகிறாள்.

விடியப் போய் எடுக்கும்போது... போத்தில் காலி.