பதிமூணு 'இல்லை'

என் கடைக்கு யார் வந்தாலும் செருப்பை வெளியே விட்டுட்டுத்தான் உள்ளே வரணும். இன்ஸ்பெக்டர் நீங்க வந்தாலும் அப்படித்தான் சார். தரையை ஒரு நாளைக்கு ரெண்டு வாட்டி மருந்து போட்டுத் துடைப்பேன். ஊசி உறையை வந்தவங்க கண் முன்னாடிதான் பிரிப்பேன். டாட்டூ போடுறவரா, ஆபரேஷன் பண்றவரான்னு என் மனைவியே கேலி பண்ணுவா. இதை முதல்ல எழுதிக்கோங்க.

படிவமும் உண்டு. பதிமூணு கேள்வி. சர்க்கரை இருக்கா, இதய நோய் இருக்கா, ரத்தம் உறையாம இருக்க மாத்திரை சாப்பிடுறீங்களா, இப்படி. ஒருத்தரும் படிக்க மாட்டாங்க. எல்லாத்துக்கும் கடகடன்னு 'இல்லை'ன்னு டிக் அடிச்சுட்டு, எங்கே உட்காரணும்பாங்க. எதுக்கு வீண் வேலைன்னு ஒரு தாள்ல நானே பதிமூணுக்கும் 'இல்லை' போட்டு, அதையே நூறு காப்பி எடுத்து வச்சேன். கையெழுத்துப் போட்டா போதும். ஏன் இப்படின்னு யாரும் கேட்டதில்லை.

மச்சினன் எங்க கூடத்தான் இருந்தான். மூணு வருஷம் முன்னாடி அவனுக்கு இதயத்துல வால்வு மாத்தினாங்க. நெஞ்சு நடுவுல ஒரு சாண் நீளத்துக்குத் தழும்பு. ஆபீஸ்ல எல்லாரும் நீச்சல் குளத்துக்குப் போனா, இவன் மட்டும் சட்டையோட கரையில உட்கார்ந்து அவங்க செருப்புக்குக் காவல் இருப்பான். "மாமா, இதை மறைச்சு ஒரு படம் போட்டு விடுங்க. அக்காவுக்குத் தெரிய வேண்டாம்"ன்னு ஆறு மாசம் நச்சரிச்சான்.

தெரியாம செஞ்சேன்னு சொல்ல மாட்டேன். அவன் பல் பிடுங்கப் போனப்போ நான்தான் துணைக்குப் போனேன். இதய டாக்டரைக் கேட்காம, முன்கூட்டியே மாத்திரை குடுக்காம கை வைக்க மாட்டேன்னுட்டார் பல் டாக்டர். ஒரு கிருமி ரத்தத்துல போனா நேரா அந்த வால்வுல போய் ஒட்டிக்குமாம், ஆளையே கொன்னுடுமாம். பொறுமையா எடுத்துச் சொன்னார், நல்ல மனுஷன். ஊசி எவ்வளவு புதுசா இருந்தாலும் தோல் மேலேயே கிருமி இருக்கும். டாக்டரைக் கேட்டா வேண்டாம்னுவார். அதனால கேட்கலை.

ஒரு ஞாயித்துக்கிழமை மத்தியானம் அவனும் கையெழுத்துப் போட்டான். இதய நோய் இல்லைங்கிற தாளைப் பக்கத்துல வச்சுக்கிட்டு, அந்த ஆபரேஷன் தழும்பு மேல ஒரு கொடி வரைஞ்சேன். தையல் போட்ட புள்ளியெல்லாம் இலையாயிடுச்சு. நான் போட்டதுலயே அதுதான் அழகு. கண்ணாடியில பார்த்துட்டு அவன் அழுதான்.

பத்து நாள் கழிச்சுக் காய்ச்சல் வந்துது. மாத்திரை குடுத்தா இறங்கும், மறுபடி ஏறும். காய்ச்சலை மறைச்சு, வேலைக் களைப்புன்னு மனைவியை நம்ப வச்சேன். ஆஸ்பத்திரிக்குப் போலாமான்னு அவன் ஒரு தடவை கேட்டான். சட்டையைக் கழட்டச் சொல்வாங்களேடான்னேன். அப்புறம் அவன் கேட்கலை.

ஒரு வாரத்துக்கு மேல போனப்புறம், ஒரு சனிக்கிழமை மனைவி அவன் நெத்தியைத் தொட்டுப் பார்த்துட்டுப் பதறிப்போய் ஆஸ்பத்திரிக்குப் போன் போட்டா. காய்ச்சல் நேத்துலேர்ந்துதான்னு நினைச்சு அப்படியே சொன்னா. போன்ல நர்ஸ் கேட்டதை எங்க ரெண்டு பேரையும் பார்த்துத் திருப்பிக் கேட்டா. சமீபத்துல பல் பிடுங்கினானா, காயம் பட்டுதா, டாட்டூ ஏதாவது போட்டானா. அவன் என் முகத்தையே பார்த்தான். நான் சொன்னா அவனும் சொல்லியிருப்பான். கையை என் முழங்கால் மேல வச்சிருந்தான், நல்லாச் சுட்டுது. எனக்குப் பயமா இருந்துது சார். கடையை மூடிடுவாங்க, இவ என் மூஞ்சியில முழிக்க மாட்டா. என்ன பண்றதுன்னே தெரியலை.

"இல்லை"ன்னேன்.

மூணு கேள்விக்கும் அதுதான். அப்போ திங்கக்கிழமை கூட்டிட்டு வாங்கன்னுட்டாங்க. அவன் கையை எடுத்துக்கிட்டான். ஞாயித்துக்கிழமை காலையில அவனால டம்ளரைப் பிடிக்க முடியலை, பேச்சு குழறுச்சு. மத்தியானத்துக்குள்ள போயிட்டான்.

ஆஸ்பத்திரியில சட்டையைக் கழட்டினப்போதான் என் மனைவி அந்தக் கொடியைப் பார்த்தா. என் கைவேலை அவளுக்குத் தெரியாதா. அதுலேர்ந்து என்கிட்ட ஒரு வார்த்தை பேசலை. இப்போ வெளியே பெஞ்சுலதான் உட்கார்ந்திருக்கா. நீங்க கதவைத் திறந்ததும் ஒண்ணே ஒண்ணு கேட்பா, தம்பி செத்துடுவான்னு இவருக்கு முன்னாடியே தெரியுமான்னு. உங்ககிட்ட நான் எதையும் மறைக்கலை சார். அவகிட்ட மட்டும் இல்லைன்னு சொல்லிடுங்க.