காற்றுப் பக்கம் திரும்பிய கப்பல்கள்

பேச்சி: ...சே, இதுவும் அது இல்ல.

மூர்த்தி: ஏளா, காலையில இருந்து அந்த ஒரு பட்டனையே தட்டிக்கிட்டு இருக்க. துறைமுகத்துல லோடு இறக்கிட்டு நானே வந்துட்டேன்.

பேச்சி: பேசாம இரிண்ணே. நேத்து வந்த படம் வேணும். இன்னைக்கு சாயங்காலத்துக்குள்ள சென்னைக் கண்காட்சிக்கு அனுப்பணும்.

மூர்த்தி: நீ வரஞ்சதுதான? திரும்ப வரஞ்சிரு.

பேச்சி: நான் எங்க வரஞ்சேன்? புரோகிராம்தான் எழுதுனேன். நூறு கப்பல் போடு... காத்துப் பக்கம் திருப்பு... ஒண்ணையொண்ணு இடிக்காத. எது எங்கன நிக்கணும்னு கம்ப்யூட்டரே முடிவு பண்ணும்.

மூர்த்தி: ஒவ்வொரு தடவையும் வேற வேறயா?

பேச்சி: ஆமா.

மூர்த்தி: நீ சொன்ன சட்டம் மட்டும் மாறாது...

பேச்சி: மாறாது.

மூர்த்தி: நம்ம வீட்டுப் பிள்ளைக்கு இதெல்லாம் எங்க இருந்துளா வந்துச்சு?

பேச்சி: கேலி பண்ணாத.

மூர்த்தி: கேலி இல்ல. கடல்ல நங்கூரம் போட்ட கப்பல் அப்படித்தான் நிக்கும். லாரிய வரிசையில போட்டுட்டு தெனமும் பாக்குதேன். எனக்கு ஒண்ணும் தோணல. நீ யூடியூப்ப பாத்துப் படிச்சு அத அப்படியே...

பேச்சி: படிச்சு என்ன செய்ய? நேத்து கரண்ட் போனதும், பேட்டரி செத்த இந்த லேப்டாப் அணைஞ்சிட்டு. படத்த சேமிச்சும் வைக்கல.

மூர்த்தி: வேற வழியே இல்லியா?

பேச்சி: ஒரு நம்பர் உண்டு. படத்தோட மூலையில வரும். அதத் திரும்பக் குடுத்தா அச்சு அசலா அதே படம் வரும். அதையும் குறிச்சு வைக்கல. என் புத்தி...

மூர்த்தி: சின்னதா... வலது மூலையிலயா?

பேச்சி: உனக்கு எப்படித் தெரியும்? நேத்து கூப்பிட்டுக் காட்டுனப்ப, என்ன கிறுக்கல்னு சொல்லிட்டுப் போனியே.

மூர்த்தி: சொன்னேன்...

பேச்சி: பெறகு?

மூர்த்தி: நீ குளிக்கப் போனப்ப திரும்ப வந்து பாத்தேன். கண்ண எடுக்க முடியல. கரண்ட் போறதுக்கு முன்னாலயே போன்ல படம் பிடிச்சிட்டேன்.

பேச்சி: அண்ணே... காட்டு, எங்க காட்டு.

மூர்த்தி: போன்ல எதுக்கு? வாசலுக்கு வா. வர்ற வழியில லாரிக் கதவு முழுக்க அதத்தான் ஸ்டிக்கரா ஒட்டிருக்கேன். கடைக்காரன், மூலையில இருக்க நம்பர எடுத்துரட்டுமான்னு கேட்டான். ஏலே, நம்பர் இல்லாத கண்டெய்னர் பெட்டிய துறைமுகத்துல உள்ள விடுவானா, அதுல கை வைக்காதன்னு சொல்லிட்டேன்.