கம்பி கட்டிய லீவர்

— கைய எடுங்க பாஸ். அந்தக் கம்பிய அவுக்காதீங்க.

— கம்பியா இது? திமிர் புடிச்ச மாட்டக் கட்டின மாதிரி ஈக்கு. லீவர்ல கம்பி கட்டி டிராக்டர் ஓட்டுற மனுசன இப்பத்தான் பாக்குறேன். யாரு கட்டின, முத்துவீரண்ணே?

— நான்தான். மெக்கானிக்கு நீங்க, டிரைவர் நானு. வேற எவன் வந்து கட்டப்போறான்?

— மெய்யாவே கேக்குறேன். இது என்ன லீவருண்டு தெரியுமா?

— பாறூக் பாஸ், ரத்தோட்டைத் தோட்டத்துல நான் டிராக்டர் ஏறுனப்ப வரக்காமுறையில நீங்க கால்சட்டை இல்லாமத் திரிஞ்சிருப்பீங்க. எக்னாமி லீவர். பின்னால சுத்துற ஷாஃப்ட் அதே வேகத்துல சுத்தும், எஞ்சின் மட்டும் மெதுவா ஓடும். டீசல் மிச்சம். போதுமா?

— நல்லாத்தான் சென்ன. அப்ப, எதெதுக்கு அதப் போடணும்?

— பரீச்சை வைக்கிறீங்களோ? மருந்தடிக்கிற மிசினுக்குப் போடலாம். தண்ணி பம்புக்குப் போடலாம். கரண்டு போனா ஸ்டோருக்கு லைட்டுக் குடுக்குற ஜெனரேட்டருக்குப் போடலாம்.

— மண்ணு கிண்டுற ரொட்டவேட்டருக்கு?

— அந்த ஸ்பேனரக் கீழ வைங்க. காலுல விழுந்திரும்.

— ரொட்டவேட்டருக்குண்டு கேட்டேன் அண்ணே.

— போட்டேன்.

— போடலாமாண்டுதான் கேட்டேன்.

— போட்டேன்னு சொல்றேன்ல!

— அல்லாவே. நாவுலப் பக்கத்துக் களிமண்ணு. காஞ்சா கல்லு. இத எகனமில போட்டுக் கிண்டினா எஞ்சின் எப்படித் தாங்கும்? மெதுவா ஓடுறதுக்கு அவ்வளவு பலம் இல்ல. மூச்சு முட்டுது, கறுப்புப் புகை தள்ளுது. ரெண்டு வருசத்துல ரெண்டு கிளச் பிளேட். இப்ப உள்ளுக்குக் கியர் பல்லும் கொட்டிப் போச்சு. இந்தா, கைய நீட்டுங்க. பாருங்க, எண்ணெய்க்குள்ள ஈந்த பல்லு.

— என் வாயிலயும் பல்லு இல்ல. நான் ஓடலயா?

— பகிடி உடாதீங்க. மொதலாளி என்ன சென்ன தெரியுமா? டிரைவர்ட பிழைண்டா டிராக்டர் தொறப்ப வாங்கிட்டு வாண்டு சென்ன. தம்புள்ளைல இருந்து வேற டிரைவர் நாளைக்கு வாறாராம். இந்தக் கொட்டிலும் அவருக்குத்தான்.

— ஓ. அப்பிடியா சேதி. அதான் ரோட்டு மதகு வழியா வராம வாய்க்காக் கட்டச் சுத்தி வந்தீங்களா? களவாணிப்பய மாதிரி, வேவு பாக்க?

— மதகடில சேறு.

— மழ பேஞ்சு ரெண்டு மாசமாச்சு. என்னா சேறு? முந்தி ரெண்டு தடவையும் கிளச் மாத்தக் கையாள அனுப்புனீங்க. ரெண்டு வருசமா நீங்க இந்தப் பக்கம் எட்டியே பாக்கல. இன்னைக்கு என் சாவியப் புடுங்க மட்டும் கால் வந்துச்சோ?

— ஒங்களோட சண்டைக்கு வரல்ல அண்ணே. எல்கடுவைக்குப் போங்களேன். மதினி அங்க தம்பி வீட்டுல தானே?

— அவ என் மூஞ்சியில முழிக்க மாட்டா.

— ரெண்டு வருசமா தனியாவே ஆக்கித் திண்டுக்கிட்டு...

— யாருக்கு ஆக்க? ஒரு ரொட்டியச் சுட்டு ரெண்டு வேளை திங்கிறேன். அது என் பாடு. ஆனா இந்த எடத்த விட்டு நான் அசைய மாட்டேன். சாவியும் தர மாட்டேன். எம்புள்ள லெட்சுமணன் வந்தா எங்க வருவான்? மதகுக்குத்தான வருவான்? அங்க நின்னுதான கூப்பிடுவான்?

— அண்ணே...

— என்னா அண்ணே? எல்லாரும் இதே மூஞ்சிய வச்சுக்கிட்டு 'அண்ணே'ங்கிறான். கொழும்புக் கடையில வேல பாத்துட்டு ஊருக்கு வந்து மூணு வாரம். தெனமும் மத்தியானம் எனக்குச் சோறு கொண்டாருவான். வயலுக்குள்ள எறங்க மாட்டான், சேறு ஆகாது தொரைக்கு. மதகுல நின்னு 'அப்போவ்'னு ஒரு சத்தம். நான் எஞ்சின நிப்பாட்டிட்டுப் போவேன். அன்னைக்கும் வந்தான். நான் ரொட்டவேட்டரப் போட்டு முழு ரேஸ்ல ஓட்டிக்கிட்டு இருந்தேன். முதுகு மதகுப் பக்கம்.

— தெரியும்.

— என்னா தெரியும்? ஒரு மண்ணும் தெரியாது. பசிச்சிச்சு, திரும்பிப் பாத்தேன். ஆளக் காணோம். மதகுச் செவுத்துமேல சோத்துப் பார்சல் இருந்துச்சு. வாழையெல கூடப் பிரியல. ரோட்டுல வேன் திரும்புன டயர் தடம். அவ்வளவுதான். எம்பொஞ்சாதி சந்திரகாந்தா ஓடி வந்தா. 'எம்புள்ள கூப்பிடாம இருந்திருப்பானா? ஒன் டிராக்டர் சத்தம் முழுங்கிருச்சே'ன்னா. அன்னைக்குப் பேசுனதோட சரி.

— அதுக்குத்தானா இந்தக் கம்பி?

— எக்னாமில போட்டா மதகுல கூப்பிடுறது கேக்கும். சும்மா சொல்லல, சோதிச்சுப் பாத்தேன். மொளகா பறிக்க வாற சுந்தரம்மாவ அங்க நிக்க வச்சு 'அப்பா'ன்னு கத்தச் சொன்னேன். அவ என்னவிட மூணு வயசு மூத்தவ. 'ஒனக்குக் கிறுக்கா'ன்னு கேட்டா. பொறகு கத்துனா. முழு ரேஸ்ல கேக்கல. எக்னாமில கேட்டுச்சு. நல்லாக் கேட்டுச்சு பாஸ்.

— மருந்தடிக்க, தண்ணி எறைக்க எகனமில ஓட்டுங்க, நான் வேணாண்டு செல்ல மாட்டேன். ரொட்டவேட்டருக்கு மட்டும்...

— ரொட்டவேட்டர் ஓடுனப்பத்தான அவன் போனான்! வேற எதுக்குப் போட்டு என்னா பிரயோசனம்? எஞ்சின் ஒடையட்டும். மொதலாளிக்கு இன்னொண்ணு வாங்கத் தெரியும்.

— சரி. ஒண்டு செல்றேன். மொதலாளிக்கிட்ட நான் சென்னா கேப்பாரு. பல்லு பழசு, தானாத் தேஞ்சு போச்சு, டிரைவர்ல பிழையில்லண்டு செல்றேன். நீங்க இங்கயே ஈக்கலாம்.

— ஏன்?

— என்ன ஏன்?

— எனக்காக இந்த ஊருல எவனும் பொய் சொன்னதில்ல. நீங்க ஏன் சொல்றீங்க? என்னா வேணும் ஒங்களுக்கு?

— இந்தக் கம்பிய அவுக்கணும். அவ்வளவுதான்.

— முடியாது. போய் உள்ளதச் சொல்லுங்க. என்ன வெரட்டுனா மதகுல போய் ஒக்காந்துக்குறேன். அவன் கூப்பிடுற நேரம் இந்தக் காது இங்க இருக்கணும்.

— அவன் கூப்பிட மாட்டான் அண்ணே.

— செத்துட்டான்னு சொல்ல வந்தியாடா? அதச் சொல்லவா இவ்வளவு தூரம் சுத்தி வந்த?

— அது எனக்குத் தெரியா. அல்லா அறிய தெரியா. அண்டைக்கு அவன் கூப்பிடல்ல. அது தெரியும்.

— ஒனக்கு எப்பிடித் தெரியும்?

— மதகுக்குக் கீழ ஈந்தேன்.

— யாரு?

— நான்தான். ஒங்கட மருந்தடிக்கிற மிசினப் பாக்கத்தான் வந்தேன். சைக்கிள் ஓடி வேர்த்து, கையக் கால கழுவ எறங்கின. மேல வேன் வந்து நிண்ட சத்தம். வேன் சத்தம்ண்டா ஆளத் தூக்க வாறாங்கண்டு அந்த நேரம் எல்லாருக்கும் தெரியும் தானே. சைக்கிளயும் இழுத்துக்கிட்டு உள்ளுக்குப் போயிட்டேன். தண்ணி முழங்காலு மட்டும். மூச்சு உடல்ல.

— ரெண்டு வருசம்.

— ஓம். ரெண்டு வருசம். வந்து செல்லோணும்ண்டு பொறப்படுவேன், மதகக் கண்டதும் திரும்பிப் போயிருவேன். எனக்கும் மூணு புள்ள. செவுத்துல என்னப் போட்டு அடிங்க, ஏசுங்க. ஆனா நான் கேட்டேன், எனக்கு நேரா மேல நிண்டுதான் பேசினாங்க. ஒங்கட டிராக்டர் சத்தம் தூரத்துல.

— அடிச்சானுங்களா?

— இல்ல. பேரக் கேட்டாங்க, அடையாள அட்டையக் கேட்டாங்க. பொறகு ஒருத்தன், 'யாருக்குச் சோறு? அங்க டிராக்டர்ல ஈக்கிறது ஒங்கப்பனா? கூப்பிடு, அவனையும் கொண்டு போவோம்'ண்டு சிங்களத்துல சென்னான்.

— எம்புள்ள... எம்புள்ள என்னா சொன்னான்?

— 'எனக்கு அப்பா இல்ல, நான் கூலிக்குச் சோறு கொண்டு வாற ஆளு'ண்டு சென்னான். பார்சல மெதுவா செவுத்துமேல வச்சான், நெழலு தண்ணில தெரிஞ்சிச்சு. வச்சிட்டு, சத்தமே போடாம அவனாவே வேன்ல ஏறினான் அண்ணே.